ஸ்பெயினில் ஒரு குடும்பத்தோடு தங்கினால் மொழி வந்துவிடுமா?

மயூர் விஹாரில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிற கேள்வி இது. மகள் டெல்லியில் ஸ்பானிஷ் பி1 நிலை (ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளில் மூன்றாவது) முடித்திருக்கிறாள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, ஸ்பெயினில் சாலமான்கா நகரத்தில் மொழிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தங்குவதற்கு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒரு உள்ளூர்க் குடும்பத்தின் வீட்டில் அறையும் சாப்பாடும், அல்லது மற்ற மாணவர்களோடு சேர்ந்து ஒரு ஃப்ளாட். குடும்பம் என்றால் செலவு கூடுதல். வீட்டில் முட்டை தவிர வேறு அசைவம் யாரும் தொடுவதில்லை. மகளுக்கு ஃப்ளாட்தான் பிடிக்கிறது, அம்மாவுக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. எது நல்லது?

கேட்டது தங்கும் இடத்தைப் பற்றி என்றாலும் உள்ளே இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. கூடுதலாகக் கொடுக்கிற பணத்துக்கு மொழி உண்மையிலேயே வருமா? முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் என் பெண் நன்றாக இருப்பாளா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தோடு தங்கட்டும். ஆனால் எந்தக் குடும்பம் என்று விசாரித்துவிட்டுப் போகட்டும், நான்கு மாதமும் அங்கேயே இருக்க வேண்டியதில்லை. நான் ஜேஎன்யூவில் ஸ்பானிஷ் படித்தேன், மாணவப் பருவத்தில் ஸ்பெயினில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன், பல ஆண்டுகளாக டெல்லியில் இந்த மொழியைக் கற்பிக்கிறேன். கீழே சொல்வது அந்த அனுபவத்தில் இருந்தும், இந்தத் துறையில் படித்ததில் இருந்தும். விசா என் தொழில் இல்லை, அதைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன்.

குடும்பத்தோடு தங்கினால் மொழி தானாக வந்துவிடும் என்று ஏஜென்ட்கள் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 1998ல் வில்லியம் ரிவர்ஸ் என்ற ஆய்வாளர், ரஷ்யாவுக்குப் போய் ரஷ்ய மொழி படித்த அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். குடும்பங்களோடு தங்கியவர்கள் வாசிப்பில் முன்னேறியிருந்தார்கள். பேச்சில் மட்டும் விடுதியில் இருந்தவர்கள் அளவுக்கு முன்னேறவில்லை. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர். அதற்குப் பிறகு பிரெஞ்சு, ஸ்பானிஷ் படிக்கப் போனவர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும் முடிவு ஒரே பக்கமாகச் சாயவில்லை. சில வீடுகளில் பெரிய பலன், சில வீடுகளில் ஒன்றுமே இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வீட்டாரோடு பேசிக் கழித்த நேரம்தான் கணக்கு. ஒரே கூரையின் கீழ் தூங்கிய நாட்கள் கணக்கில் வராது.

ஏன் அப்படி ஆகிறது என்பதை வீட்டுக்குள் இருந்து பார்த்தால் புரியும். முதல் வாரம் எல்லாமே புதிது. அதற்குப் பிறகு பேச்சு ஒரு வட்டத்துக்குள் போய்விடுகிறது. தூங்கினாயா, குளிருகிறதா, நாளைக்கு வகுப்பு எத்தனை மணிக்கு, இன்னும் கொஞ்சம் சாப்பிடு. இந்தப் பத்துப் பதினைந்து வாக்கியங்கள் பி1 முடித்த பெண்ணுக்கு ஏற்கெனவே தெரியும். பல மாணவர்களைப் பார்த்துப் பழகிய வீட்டம்மாக்கள் வேறு, தானாகவே மெதுவாகவும் எளிதாகவும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தப்பாகப் பேசினாலும் பொருள் புரிந்தால் திருத்த மாட்டார்கள். அவர்கள் மேல் குறை இல்லை, விருந்தாளியின் பேச்சை யாரும் வரிக்கு வரி திருத்துவதில்லை. சாப்பிட்டதும் மாணவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்துவிட்டால் அன்றைய ஸ்பானிஷ் அதோடு முடிந்தது.

நம் டெல்லித் தமிழ் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஆர்.கே.புரம், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புகளுக்குக் கல்யாணமாகி வந்த நம் அம்மாக்கள், பாட்டிகள் பலர் ஒரு நாள்கூட இந்தி வகுப்புக்குப் போனதில்லை. பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாவோடு சேர்ந்து கோதுமை சுத்தம் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது அவரையே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓடி, தண்ணீர் வராத நாளில் சேர்ந்து புலம்பி, அப்படி வந்த இந்தி அது. அதே குடியிருப்பில் அதே சுவரை ஒட்டி முப்பது வருடம் இருந்தும் இந்தி வராமலே ஊருக்குத் திரும்பியவர்களும் உண்டு. சேர்ந்து செய்ய ஒரு வேலையும், சேர்ந்து பேச ஒரு விஷயமும் இருந்தவர்களுக்குத்தான் வந்தது. உங்கள் மகளுக்கும் அதேதான்.

என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களில் நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். வகுப்பில் முதலிடம் பிடித்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருத்தி சனிக்கிழமை காலையில் வீட்டம்மாவோடு மார்க்கெட்டுக்குப் பை தூக்கிக்கொண்டு போவாள். ஒரு பையன், அந்த வீட்டுத் தாத்தா தினமும் பார்க்கும் மத்தியானச் செய்தியை அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, புரியாத ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்பான். தாத்தா அரை மணி நேரம் விளக்குவார். இன்னொருத்தி அந்த வீட்டுச் சின்னப் பையனுக்கு ஆங்கில வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தாள், விளக்கம் எல்லாம் ஸ்பானிஷில். குழந்தைகள் மட்டும்தான் தப்பைச் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். மூன்று பேரும் வீட்டின் அன்றாடத்தில் ஒரு சின்ன இடம் பிடித்துக்கொண்டவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டு மேஜை. ஸ்பெயினில் காலை உணவு பெயருக்குத்தான், காபியும் ஒரு துண்டு ரொட்டியும். முக்கியமான சாப்பாடு மத்தியானம் இரண்டில் இருந்து மூன்றரைக்குள். இரவுச் சாப்பாடு ஒன்பது, ஒன்பதரை, சில வீடுகளில் பத்து. சாப்பிட்டு முடித்ததும் யாரும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள். தட்டு அப்படியே இருக்கும், காபி வரும், பேச்சு நீளும். ஸோப்ரேமேசா என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணமான மகனும் பேரக்குழந்தைகளும் வந்துவிட்டால் அது மாலை வரைக்கும் போகும். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில், ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து, வேகமாகப் பேசுவார்கள். முதல் சில வாரங்கள் ஒன்றும் பிடிபடாது, தலை வலிக்கும். அப்படியும் உட்கார்ந்திருக்க வேண்டும். டெல்லியில் எந்த வகுப்பும், நான் நடத்துவது உட்பட, கொடுக்க முடியாத ஒன்று அந்த மேஜையில் கிடைக்கிறது: தனக்காக மெதுவாக்காத ஸ்பானிஷ்.

அதனால் அறை பதிவு செய்யும்போது சாப்பாட்டுத் திட்டத்தைக் கவனியுங்கள். மேதியா பென்சியோன் என்றால் அரை உணவு, பெரும்பாலும் காலையும் இரவும். பென்சியோன் கொம்ப்ளேட்டா என்றால் மூன்று வேளை. பணம் மிச்சம் என்று பலரும் அரை உணவை எடுத்துக்கொண்டு மத்தியானம் வெளியே சான்ட்விச் சாப்பிடுகிறார்கள். வீடே கூடுகிற வேளையை அப்படித்தான் தவறவிடுகிறார்கள். மாட்ரிட், பார்சிலோனாவில் வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் வீட்டுக்கு வருவது அரிதாகிவிட்டது. சாலமான்கா போன்ற சிறிய ஊரில் அந்த வழக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. முடிந்தால் மூன்று வேளை எடுங்கள். இல்லாவிட்டால் இரவுக்குப் பதில் மத்தியானம் தர முடியுமா என்று கேளுங்கள், சில வீடுகள் ஒத்துக்கொள்ளும்.

சாப்பாட்டைப் பற்றியே பேசுவோம், உங்கள் கடிதத்தில் பாதி அதுதான். சைவமாக இருந்து ஸ்பெயினில் நான்கு மாதம் ஓட்ட முடியும், நன்றாகவே முடியும். ஆனால் "நான் வெஜிடேரியன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தால் பிரச்சினை வரும். அங்கே பழைய தலைமுறையினர் பலருக்கு இறைச்சி என்றால் ஒரு துண்டாகத் தட்டில் வைக்கப்படுவது. சாலடில் டூனா மீன் போடுவார்கள், பருப்பு வேகும்போது சோரிஸோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி ஒன்றைப் போடுவார்கள், பட்டாணியில் ஹாம் என்ற பன்றித் தொடை இறைச்சியைப் பொடியாக நறுக்கித் தூவுவார்கள். சூப்பு எலும்பு வேகவைத்த தண்ணீரில் இருக்கலாம். கிறிஸ்துமஸ் நேரத்தில் தரும் மந்தேகாதோ பலகாரத்தில் பன்றிக் கொழுப்பு உண்டு. யாரும் ஏமாற்றுவதில்லை, அவர்கள் கண்ணில் அது சுவைக்காகச் சேர்ப்பது. ஆகவே மீன் வேண்டாம், டூனா வேண்டாம், ஹாம் வேண்டாம், சோரிஸோ வேண்டாம், இறைச்சி வேகவைத்த தண்ணீரும் வேண்டாம், முட்டையும் பாலும் சாப்பிடுவேன் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, ஸ்பானிஷில் எழுதி, போவதற்கு முன்பே பள்ளி மூலம் வீட்டுக்கு அனுப்புங்கள். மகளே எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அங்கே போய்த் திடுக்கிடக் கூடாது. சாலமான்கா மாகாணத்தில் இருக்கிற கிகுவேலோ என்ற ஊர் ஹாமுக்குப் பேர்போனது. அந்தப் பகுதி வீடுகளில் சமையலறை மேடை மேல், ஒரு மரத் தாங்கியில், பன்றியின் முழுத் தொடை குளம்போடு நிற்கலாம். வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும், தேவையான போது சீவிக்கொள்வார்கள். பார்க்கவே முடியாது என்றால் குடும்பம் வேண்டாம் என்று இப்போதே முடிவு செய்துகொள்வது மகளுக்கும் நல்லது, அந்த வீட்டுக்கும் நல்லது. பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை, தட்டில் வராமல் இருந்தால் போதும் என்றால் சமாளிக்கலாம். முட்டை சாப்பிடுவது பெரிய உதவி. உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் செய்யும் தொர்த்தியா எந்த வீட்டிலும் உண்டு. தக்காளியில் செய்யும் குளிர்ந்த கஸ்பாச்சோ, காய்கறிகளை எண்ணெயில் மெதுவாக வதக்கும் பிஸ்தோ, கீரையோடு கொண்டைக்கடலை, தக்காளி தேய்த்த ரொட்டி, தயிர், அரிசி, பருப்பு எல்லாமே அந்த மண்ணின் சாப்பாடுதான். காரம் மட்டும் இருக்காது. ஒரு டப்பா பருப்புப்பொடியும் கொஞ்சம் ஊறுகாயும் கொடுத்து அனுப்புங்கள். சமையலறையை மாணவர்கள் பயன்படுத்துவது பொதுவாகத் திட்டத்தில் சேராது, முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்துத் தருகிறேன் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் கதவு திறக்கும். அன்றைக்கு நடக்கிற பேச்சு ஒரு மாத வகுப்புக்குச் சமம்.

வீட்டுப் பழக்கங்கள் சிலவற்றில் நம் பிள்ளைகள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நாம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடப்போம். அங்கே வெறுங்காலோடு வீட்டுக்குள் நடந்தால் சளி பிடிக்கும் என்று வீட்டம்மா பதறுவார், வீட்டுக்குள் போட ஒரு செருப்பு வேண்டும். குளியல் சீக்கிரம் முடிய வேண்டும். வெந்நீரும் மின்சாரமும் விலை அதிகம், பல வீடுகளில் ஹீட்டர் டேங்க் சின்னது. அறையை விட்டு வந்தால் விளக்கை அணைக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்கு வரவில்லை என்றால் மத்தியானத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சந்திக்கும்போது கன்னத்தில் இரண்டு முத்தம் என்பது அங்கே வணக்கம் மாதிரி, வேண்டாம் என்றால் கையை நீட்டினால் போதும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று: அறுபது வயது அம்மாவை ஒருமையில் கூப்பிடச் சொல்வார்கள். நம் வாய்க்கு வராது. சொன்னபடி கூப்பிடட்டும், அங்கே அதில் மரியாதைக் குறைவு இல்லை. தொடர்ந்து உஸ்தெத் என்று மரியாதைப் பன்மை மாதிரிப் பேசிக்கொண்டிருந்தால், இந்தப் பெண் நம்மிடம் ஒட்ட மாட்டேன் என்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. கொலம்பியாவின் பொகோட்டாவிலோ கோஸ்டா ரிக்காவிலோ இந்தப் பழக்கமே வேறு, அங்கே வீட்டுக்குள்ளும் உஸ்தெத் சகஜம்.

தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்த மொழியில் சில சௌகரியங்கள் இருக்கின்றன, ஆங்கிலம் வழியாகவே படித்ததால் பலரும் அதைக் கவனிப்பதில்லை. ஸ்பானிஷில் "மே குஸ்தா" என்பது "எனக்குப் பிடிக்கும்" என்கிற அதே அமைப்பு. "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் இருந்து மாற்றிப் பார்க்கிறவர்கள் மாதக்கணக்கில் திணறுகிற இடம் அது. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று வினையிலேயே ஆளைச் சொல்லிவிடுவதும் நமக்குப் பழக்கம்தான். உச்சரிப்பில், ஸ்பானிஷ் டி (D) என்ற எழுத்து நம் ட இல்லை, த. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும்போது "அது" என்பதில் வருகிற மெல்லிய த. ஆங்கிலப் பள்ளிப் பழக்கத்தில் ட போட்டுப் பேசினால் வீட்டாருக்கு முதலில் புரியாமல் போகும். இதை விமானம் ஏறுவதற்கு முன்பே சரி செய்துகொள்ளலாம், செலவே இல்லை.

ஊர் தேர்வாகிவிட்டது என்பதால் அதைப் பற்றிச் சுருக்கமாக. சாலமான்கா நல்ல தேர்வு. பல்கலைக்கழகம் 1218ல் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டிலேயே மாணவர்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது அங்கே பல்கலைக்கழகத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டு நடந்த தொழில். சிறிய ஊர், நடந்தே போய் வரலாம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 800 மீட்டர் உயரம், டிசம்பர் இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். டெல்லி ஜனவரிக்கு வைத்திருக்கிற துணி போதாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: பார்சிலோனாவில் குடும்பத்தோடு தங்கினால் மேஜையில் ஓடுகிற மொழி அந்தப் பகுதியின் சொந்த மொழியான கத்தலானாக இருக்கலாம், உங்களிடம் மட்டும் ஸ்பானிஷில் திரும்புவார்கள். கிரனாடா, செவில்யா பக்கம் மக்கள் கலகலப்பானவர்கள், ஆனால் சொல்லின் கடைசியில் வரும் ஸ் காற்றில் கரைந்துவிடும், காது பழக நாளாகும். செலவு குறைவாக, ஒரு ஆசிரியர் ஒரு மாணவர் என்று படிக்க விரும்புகிறவர்கள் குவாத்தமாலாவின் அந்திகுவா நகரத்தைப் பார்க்கலாம். அங்கே பள்ளிகளே குடும்பங்களில் இடம் ஏற்பாடு செய்கின்றன, கறுப்பு பீன்ஸும் மக்காச்சோள ரொட்டியும் முட்டையும் அன்றாடச் சாப்பாடு. அந்தப் பக்கத்தை என் மாணவர்கள் சொல்லித்தான் அறிவேன்.

இப்போது உங்கள் இரண்டாவது பயம். டெல்லியில் உட்கார்ந்துகொண்டு ஒரு வீட்டை முழுமையாக நம்புவதற்கு வழி இல்லை, அப்படி உத்தரவாதம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசு நிறுவனமான இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸின் அங்கீகாரம் பெற்ற பள்ளியா என்று பாருங்கள், டெல்லியில் ஹனுமான் ரோட்டில் இருக்கிற அவர்களுடைய மையத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த அங்கீகாரம் பள்ளிக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் இல்லை. ஆகவே வீட்டைப் பற்றிப் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன? "குடும்பம்" என்று சொல்லும்போது நம் மனதில் வருகிற படம் வேறு. கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு அம்மாவும் ஒரு காலி அறையும் கூட அங்கே குடும்பம்தான், பல சமயம் அதுதான் நல்ல வீடாகவும் அமைகிறது, அவருக்கும் பேச ஆள் வேண்டும். எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறார்களா, மாணவிக்குத் தனியாக வைத்துக் கொடுக்கிறார்களா? அதே நேரத்தில் வேறு மாணவர்கள் இருப்பார்களா, அவர்கள் என்ன மொழி பேசுகிறவர்கள்? ஆங்கிலம் பேசும் இன்னொரு மாணவி அடுத்த அறையில் இருந்தால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாகிவிடுவார்கள், ஸ்பானிஷ் நின்றுவிடும். அறைக்கு உள்ளே இருந்து பூட்டு உண்டா? வீடு ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள், பணம் பிடிப்பார்களா, இரவில் யாரை அழைப்பது? பள்ளியின் பதில் எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதை வைத்தே அவர்கள் வீடுகளை நேரில் போய்ப் பார்க்கிறவர்களா இல்லையா என்று ஓரளவு தெரிந்துவிடும். அவசரத்துக்கு 112, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதே எண்.

வீட்டாருக்கு இது வருமானமும்தான். அதை ஒரு குறையாகப் பார்க்காதீர்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு அம்மா காலி அறையை வாடகைக்கு விடுகிறார், அதோடு ஒரு பெண்ணுக்குச் சமைத்துப் போடுகிறார், துணி துவைத்துக் கொடுக்கிறார். பாசம் அதற்கு மேல் வந்தால் வரும், வராவிட்டால் அவர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தம் இல்லை. "என்னைத் தன் பெண் மாதிரி நடத்தவில்லை" என்று முதல் மாதத்தில் போன் செய்து அழுத மாணவிகள் உண்டு. ஒழுங்கான சாப்பாடு, சுத்தமான அறை, மரியாதையான பேச்சு, இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல வீடு. மற்றது மகள் கையில்தான் இருக்கிறது.

பண்பாடு என்று வரும்போது எனக்கு ஒரு ஆசை உண்டு. ஃபிளமென்கோவும் காளைச் சண்டையும் சுற்றுலாப் பேருந்திலேயே கிடைத்துவிடும். வீட்டில் கிடைப்பது வேறு. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அந்த வீட்டில் இருந்தால், அவர் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் வளர்ந்தவர். 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அவர் அப்பா எந்தப் பக்கம் இருந்தார் என்பது குடும்பத்துக்குள்ளேயே பேசப்படாத விஷயமாக இருக்கலாம். சாலமான்கா போரின் தொடக்கத்தில் ஃபிராங்கோவின் தலைமையகமாக இருந்த ஊர். 1975ல் ஃபிராங்கோ இறந்தது, 1978ல் புது அரசியல் சட்டம் வந்தது எல்லாம் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் இல்லை, சொந்த ஞாபகத்தில் இருக்கிறது. முதல் வாரமே கேட்கக் கூடாது. பழகிய பிறகு, அவர்களாகத் தொடங்கினால், குறுக்கே பேசாமல் கேட்கட்டும். அந்த ஒரு மாலைக்காகவே குடும்பத்தோடு தங்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

மகளுக்கு ஃப்ளாட் பிடிக்கிறது என்றீர்களே, அதைத் தள்ளிவிடாதீர்கள். தன் வயதுக்காரர்கள் பேசுகிற ஸ்பானிஷ், கிண்டல், கொச்சை, பாட்டு, அரட்டை எல்லாம் அறுபது வயது அம்மாவிடம் கிடைக்காது. முதல் இரண்டு மாதம் குடும்பம், அடுத்த இரண்டு மாதம் ஃப்ளாட் என்று பிரித்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் ஃப்ளாட்டில் இருப்பவர்கள் ஸ்பெயின் மாணவர்களாகவோ லத்தீன் அமெரிக்கர்களாகவோ இருக்க வேண்டும். பல நாட்டு மாணவர்கள் கலந்த வீடு என்றால் பொது மொழி ஆங்கிலமாகிவிடும். ஊரில் இறங்கி, மொழி கொஞ்சம் பழகி, நேரில் போய்ப் பார்த்து அவளே தேர்ந்தெடுத்தால் இங்கிருந்து பதிவு செய்வதைவிட நன்றாக அமையும். குடும்பத்துக்கான பணத்தை நான்கு மாதத்துக்கும் மொத்தமாகக் கட்டிவிடாமல் எட்டு வாரத்துக்கு மட்டும் கட்டி, நீட்டிக்கும் வாய்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடு பிடித்துப்போய் அவளே மாற மாட்டேன் என்று சொல்லலாம், அதுவும் நடந்திருக்கிறது.

நான்கு மாதத்தில் எவ்வளவு வரும்? பி1ல் இருந்து பி2 நியாயமான எதிர்பார்ப்பு. சி1 என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். காது திறக்கும், பேச்சில் வேகம் வரும், தயக்கம் போகும். சப்ஜங்க்டிவ் (விருப்பம், சந்தேகம் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்) போன்ற இலக்கணம் மேஜையில் உட்கார்ந்தால் மட்டும் வராது, அதற்கு வகுப்பும் எழுத்துப் பயிற்சியும் தொடர வேண்டும். திரும்பி வந்த சூட்டோடு டெல்லியிலேயே டெலே என்ற அதிகாரப்பூர்வ ஸ்பானிஷ் தேர்வை பி2 நிலையில் எழுதச் சொல்லுங்கள், அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கணினியில் எழுதும் சியேலே சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அவசரமாக மதிப்பெண் தேவைப்பட்டால் அது போதும்.

விசா பற்றி இரண்டே வரி. 90 நாளுக்கு மேல் என்பதால் சாதாரண ஷெங்கன் விசா உதவாது, மாணவர் விசா எடுக்க வேண்டும், முழுச் செலவையும் ஏற்கும் மருத்துவக் காப்பீடும் பண இருப்புக்கான ஆதாரமும் கேட்பார்கள். ஸ்பெயினின் குடியேற்ற விதிகள் 2025 மே மாதத்தில் மாறியிருக்கின்றன, ஆகவே முன்பு போனவர்கள் தரும் பட்டியலை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்காமல் தூதரகப் பக்கத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக உங்களுக்கே ஒரு வேண்டுகோள், போன் விஷயம். இந்தியா ஸ்பெயினைவிட அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரை மணி நேரமும், அதற்குப் பிறகு நான்கரை மணி நேரமும் முன்னால் இருக்கும். உங்களுக்கு வேலை முடிந்து ஓய்வாகிற இரவு ஏழு, ஏழரை மணி அங்கே மத்தியானச் சாப்பாடு நடக்கிற நேரம், அல்லது அது முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற நேரம். அப்போது வீடியோ கால் வந்தால் அவள் மேஜையை விட்டு எழுந்து அறைக்குப் போய்விடுவாள், தினமும் அப்படி நடந்தால் வீட்டாரும் அவளைப் பேச்சில் சேர்ப்பதை விட்டுவிடுவார்கள். அங்கே மாலை ஐந்தரை மணிக்குப் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முதலில் இரவு ஒன்பது, நவம்பர் முதல் பத்து. தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் போதும். மற்ற நாட்களில் சாப்பிட்டதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தட்டில் டூனா இருக்கிறதா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம்.